எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பேனர்

மேற்கு மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் தினமும் சாயங்காலம் ஒரு புல்லட் கிளம்பும். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் வண்டியை ஓட்டுகிற ஜெயபாரதியிடம் போய்ச் சொல்ல இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. எழுபத்து நாலாம் வருஷத்து வண்டி அது. இடது பக்கம் சைடுகார் உண்டு. அதில் ஆள் உட்கார இடமில்லை, சீட்டைக் கழற்றிவிட்டு இட்லி மாவு டிரம்களை நிறுத்தியிருக்கிறாள். துரைசாமி சப்வேயில் இறங்கி ஏறி, தியாகராய நகரின் மெஸ்களுக்கும் பெண்கள் விடுதிகளுக்கும் மாவு போட்டுவிட்டு, வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டிலும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது தெருவில் விளக்கு எரியும்.

வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஜெயபாரதியைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். ஐம்பதை நெருங்குகிற பெண் சுடிதார் போட்டுக்கொண்டு அந்த இரும்பை ஒரே உதையில் எழுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அவள் காலுக்குக் கீழே இருக்கிற எஞ்சினையும், அதைப் பிரித்து, அறுத்து, துளை போட்டு, அவள் கைக்கு அடக்கமாக மாற்றிக் கொடுத்த அவள் புருஷன் வெள்ளைத்துரையையும் பற்றி. அந்த மனுஷரைக் கிறுக்கு என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஆளில்லை. அந்தக் குறையை நானாவது தீர்க்கிறேன்.

வெள்ளைத்துரைக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். மீசை அரும்பும் வயதில் தியாகராய நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு வேலைக்கு வந்தார். நாள் முழுக்க நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் அக்கா, அண்ணாச்சி என்று கூவிக் கூப்பிடுவது அவருக்கு ஆகவில்லை. விற்ற கிரைண்டர் பழுதாகித் திரும்பி வந்தால் மட்டும் முகம் மலரும். பின்கட்டில் உட்கார்ந்து அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டுவிடுவார். நீ விற்க வந்தாயா, பிரிக்க வந்தாயா என்று முதலாளி ஒருநாள் கோபத்தில் கேட்டார். இவர் உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டு, பிரிக்கத்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தக் கடையில் என்ன வேலை? மந்தைவெளியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் சேர்ந்தார், சில வருஷத்தில் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார்.

கொட்டகைக்கு அடுத்த கதவு உமர் ஃபாரூக்கின் லேத் பட்டறை. இரும்பைக் கடைந்து எதை வேண்டுமானாலும் செய்து கொடுக்கிற கை உமர் ஃபாரூக்குக்கு. வாயும் அதே மாதிரி, எதையாவது கடைந்துகொண்டே இருக்கும். அவருக்கு வெள்ளைத்துரையிடம் ஒரே ஒரு மனக்குறை. இவரிடம் ஒருமுறை வந்த வண்டி லேசில் திரும்பி வராது. வண்டி திரும்பி வந்தால் இவருக்கு அது மானப் பிரச்சினை. ஊரிலுள்ள மெக்கானிக்கெல்லாம் வண்டி எப்போது நிற்கும் என்று காத்திருக்கும்போது, வாடிக்கையாளரை ஒரேயடியாக அனுப்பிவைக்கிறவனை உமர் ஃபாரூக் வேறெங்கும் பார்த்ததில்லை. அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லிக் காட்டுவார், ஆனால் அடிக்கடி சொல்லிக் காட்டுவார்.

பழைய புல்லட் வைத்திருந்தவர்கள் அடையாறிலிருந்தும் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்தும் இவரைத் தேடி வந்தது ஒரு விஷயத்துக்காக. பாயிண்ட் செட்டிங். எஞ்சினுக்குள் தீப்பொறி எந்த நொடியில் விழ வேண்டும் என்று முடிவு செய்கிற இரண்டு சின்ன உலோக முனைகளுக்குத்தான் பாயிண்ட் என்று பேர். இரண்டுக்கும் நடுவே நகத்தின் கனம்கூட இல்லாத ஓர் இடைவெளி இருக்கும். அது கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. மற்றவர்கள் அளவுத் தகடு வைத்துப் பார்ப்பதை வெள்ளைத்துரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்த்தே வைத்துவிடுவார். அப்புறம் அந்த வண்டி நிற்கும்போது எழுப்புகிற சத்தத்தைக் கேட்டால், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பேசுகிற மனுஷன் மாதிரி இருக்கும்.

ஜெயபாரதி வடபழனிக்காரி. சினிமாவுக்குத் துணி தைக்கிறவர் மகள். கல்யாணமாகி மேற்கு மாம்பலம் வந்ததும் வீட்டில் சும்மா உட்காராமல் மாவு அரைத்து விற்க ஆரம்பித்தாள். முதலில் பக்கத்து வீடுகள், அப்புறம் மெஸ், அப்புறம் விடுதி. மொபெட்டில் காலுக்கு நடுவே டிரம்மை வைத்துக்கொண்டு போவாள். ஒரு மழைநாளில் துரைசாமி சப்வேயில் வழுக்கி விழுந்தாள். மாவு முழுக்கக் கொட்டி, மழைத் தண்ணீரோடு சேர்ந்து சப்வேயே பால் கொட்டின மாதிரி வெளுத்துப் போனது. பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் திட்டிய திட்டெல்லாம் அவளுக்கு இன்றைக்கும் மனப்பாடம். கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். கட்டுப் பிரிக்கிற நாளன்று வாசலில் ஒரு புல்லட் நின்றது, சைடுகாரோடு. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறவர்கள், கார் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று சக்கரம் இருந்தால் வழுக்காது என்று மட்டும் சொன்னார் வெள்ளைத்துரை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு ஏற்பாடு. ஓட்டுவது அவள், பார்த்துக்கொள்வது அவர். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதுமில்லை, மாவு எப்படிப் புளிக்கிறது என்று அவர் கேட்டதுமில்லை. மகள் கீர்த்தி இவர்கள் இருவர் சம்பாத்தியத்தில்தான் படித்து முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போனாள். ஒரு சின்ன லோடு ஆட்டோ வாங்கிவிடலாமே என்று அவள் ஒவ்வொரு தடவை வரும்போதும் சொல்வாள். நம் சந்துக்குள் லோடு ஆட்டோ திரும்பாது என்பாள் ஜெயபாரதி. உண்மையில் திரும்பும். அவளுக்கு இஷ்டமில்லை, அதுதான் காரணம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் வெள்ளைத்துரையின் கண் கெட்டது.

ஒருநாள் அவர் வாசலில் உட்கார்ந்து வண்டியின் செயினை இறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்பேனர் அவருடைய வலது முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் கை தரையைத் தடவித் தடவி அதைத் தேடியது. ஜெயபாரதி மாவு தோய்ந்த கையோடு கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு ஸ்பேனர் தெரியவில்லை என்று புரிந்தது.

கண் மருத்துவமனையில் சொன்னது இதுதான்: கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிவிட்டது, பக்கவாட்டுப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது, போனது திரும்பாது. மருந்து ஊற்றினால் மிச்சம் போவதைத் தள்ளிப் போடலாம், நிறுத்த முடியுமா என்பது சொல்வதற்கில்லை. அவருக்கே தெரிந்திருக்கிறது. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று டாக்டரிடம் சர்வ சாதாரணமாகச் சொன்னார். இத்தனை நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவள் பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சண்டை போட்டாள். அவர் பஸ் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார், அவருக்கு நம்பர் தெரியவில்லை. அவள் சண்டையை அங்கேயே விட்டுவிட்டாள்.

மறுவாரமே அவர் கொட்டகையை உமர் ஃபாரூக்கிடம் ஒப்படைத்தார். வாடிக்கை வண்டிகளை வேறு ஆட்களிடம் அனுப்பினார். புல்லட்டின் எஞ்சினை இறக்கி, வீட்டுக்குள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு பழைய பாயில் வைத்தார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, பார்வை இருக்கும்போதே இதை உன் கைக்கு ஒத்த மாதிரி மாற்றிக் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் நீ எந்த மெக்கானிக்கிடமும் போய் நிற்கக் கூடாது, என்னிடமும்தான் என்றார். அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

வேலையென்றால் சாதாரண வேலையில்லை. அந்தக் காலத்து எஞ்சினைக் கட்டியவர்கள், அதைப் பிரிக்கப் போகிறவனுக்கு ஒரு பெட்டி நிறைய ஸ்பேனர் இருக்கும் என்று நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மூடிக்கு ஸ்க்ரூடிரைவர், பக்கத்து மூடிக்கு ஒரு சைஸ் ஸ்பேனர், அடியில் ஆயில் இறக்க வேறு சைஸ். வெள்ளைத்துரை அத்தனையையும் தூக்கிக் கடாசினார். எல்லாப் போல்ட்டின் தலையும் ஒரே சைஸ், பன்னிரண்டாம் நம்பர். எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பேனர். சாமான் மாற்றித் தேட வேண்டாம், குழம்ப வேண்டாம். கடைந்து கொடுத்தது உமர் ஃபாரூக். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வசனம் சேர்த்துத்தான் கடைந்தார்.

"இன்னா துரை, ஆளே தேவப்படாத எஞ்சினா? மெக்கானிக் ஜாதிக்கே உல வெச்சிக்கினு கீற."

"கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம் பண்ண முடியாது பாய். அதான் இப்பவே பண்ணுதேன்," என்றார் வெள்ளைத்துரை.

உமர் ஃபாரூக் அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டார். வேலைக்குக் கூலி என்ற பேச்சையும் எடுக்கவில்லை.

இடது பக்கத்தில் சைடுகார் ஒட்டிக்கொண்டிருப்பதால் எஞ்சின் மூடிக்குள் ஓடுகிற உள்செயினை இறுக்க வேண்டுமானால் சைடுகாரையே கழற்ற வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்து மூடியில் ஒரு ஜன்னல் அறுத்து, திருகு மூடி போட்டார். இனிமேல் டிரம்மை நகர்த்திவிட்டுக் கையை விட்டால் போதும். அடியில் ஆயில் இறக்கப் படுத்துக்கொண்டு போராட வேண்டாம் என்று ஒரு பித்தளைத் திருகுக் குழாய் வைத்தார். மாவு டிரம்மில் இருக்கிற மாதிரியே. ஜெயபாரதி அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவர் பாயிண்ட்டைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் செட் ஒன்றை வைத்தார். அதற்கு இடைவெளியும் கிடையாது, பார்த்து வைக்கிற வேலையும் கிடையாது. பழைய பாயிண்ட்டைக் காயலான் கடைச் சாக்கில் போட்டார். ஜெயபாரதி அதைச் சாக்கிலிருந்து திரும்ப எடுத்தாள்.

"இத்த ஏன் மாமா தூக்கிப் போட்ட? இது உன்னுதுல்ல? இதுக்காவ அடையார்லேந்து வந்து நின்னாங்களே."

"அதுக்குக் கண்ணு வேணும் பாரதி. இதுக்கு வேண்டாம்லா."

அவர் சொன்னதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. வருத்தப்பட்டிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். இந்த மனுஷன் ஒவ்வொரு போல்ட்டாகத் தன்னை அந்த எஞ்சினிலிருந்து கழற்றிக்கொள்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. ஸ்பேனரைக் கையில் கொடுத்து, இப்படித் திருப்பு, இது இறுகும்போது இப்படித் தெரியும் என்று அவர் சொல்லிக் கொடுக்கும் போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து உயில் எழுதுகிற மாதிரி இருந்தது. வண்டி நின்றுபோகும் என்று அவள் ஒருநாளும் பயப்படவில்லை. கடைசி வேலையையும் தன்னிடம் கொடுத்துவிட்டு இந்த ஆள் எதைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறார் என்பதுதான் பயம். சமையலறைச் சுவரிடம்கூட அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. கற்றுக்கொள்ளாமல் இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் ஆசையாகச் செய்து கொடுக்கிறவரிடம் எனக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கற்றுக்கொண்டாள்.

நன்றாகவே கற்றுக்கொண்டாள். எஞ்சினை ஏற்றி, வண்டி ஓட ஆரம்பித்து, மழைக்காலம் போய், பனி வந்தது. வெள்ளைத்துரையின் குழாய் இன்னும் குறுகியது. முகம் தெரியும், பக்கத்தில் இருக்கிற தோள் தெரியாது. வாசல் முக்காலியில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். பொங்கல் கழித்து ஆயில் மாற்ற வேண்டிய முறை வந்தது. நீயே செய், நான் தலையிட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, உமர் ஃபாரூக்கோடு பேசிக்கொண்டிருக்க மந்தைவெளிக்குப் போய்விட்டார்.

ஆயில் மாற்றும்போது வலது பக்கத்துப் பெரிய மூடியையும் திறந்து உள்ளே இருக்கிற பல்சக்கரங்களைத் துடைத்துவிட வேண்டும் என்பது வெள்ளைத்துரையின் சட்டம். ஊரில் வேறு எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்வதில்லை. ஜெயபாரதி சட்டத்தை மீறவில்லை. மூடியைக் கழற்றினாள், துடைத்தாள். கழற்றிய போல்ட்டுகள் ஒரே அழுக்கு. மாவு வியாபாரிக்கு அழுக்கைக் கண்டால் ஆகுமா? எல்லாவற்றையும் ஒரு பழைய எவர்சில்வர் வடிதட்டில் கொட்டி, டீசலை ஊற்றி, அரிசி களைவது போலக் களைந்து களைந்து பளபளவென்று ஆக்கினாள். அப்புறம் மூடியை வைத்து ஒவ்வொன்றாகப் பூட்டினாள். எல்லாத் தலையும் ஒன்றுதானே, எதை எங்கே போட்டால் என்ன?

ஒரு போல்ட் மட்டும் தலை உட்காராமல் துருத்திக்கொண்டு நின்றது. இன்னும் இறுக்க வேண்டும் போலிருக்கிறது என்று ஸ்பேனரை அழுத்தினாள். ஈர மாவு டிரம்மை ஒற்றைக் கையால் தூக்குகிறவள். டக் என்று ஒரு சத்தம் வந்தது. தலை உட்கார்ந்துவிட்டது. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. ஆயிலை ஊற்றி உதைத்தபோது அந்த மூலையிலிருந்து ஆயில் கசிந்து, தரையில் சொட்டி, வாசலில் போட்ட கோலத்தில் போய்ச் சேர்ந்தது.

வெள்ளைத்துரை வந்து விரலால் தடவிப் பார்த்தார். எஞ்சின் உடம்பில், அந்தத் துளையைச் சுற்றி, மயிரிழை போல ஒரு விரிசல். நீளமான போல்ட் ஆழமில்லாத துளைக்குள் போய் முட்டி, அலுமினியத்தை உடைத்திருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"போல்ட்டையெல்லாம் கழத்தி எதுல வச்ச?" என்று கேட்டார்.

வடிதட்டைக் காட்டினாள். களைந்ததைச் சொன்னாள். அவர் வடிதட்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். மெக்கானிக் எவனும் போல்ட்டை ஒன்றாகக் கொட்ட மாட்டான். கழற்றும்போதே தரையில் ஒரு பேப்பரை விரித்து, மூடியின் வடிவத்திலேயே எது எங்கிருந்து வந்ததோ அதே இடத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு போவான். அவருடைய கை அதை யோசிக்காமல் செய்துவந்திருக்கிறது. அதனால் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. பழைய எஞ்சினில் தலைகள் வேறு வேறாக இருந்தபோது இந்தத் தப்பு நடந்திருக்க வழியில்லை. தலையையெல்லாம் ஒன்றாக்கிச் சுலபமாக்கியவர் அவர்தான். தப்பு என்மேல்தான் என்றார். அதைச் சொன்ன குரல்தான் அவளை உலுக்கியது. பாயிண்ட்டைத் தூக்கிப் போட்டபோது வராத வருத்தம் இப்போது வந்திருந்தது. தன்னால் இதைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று அந்த மனுஷர் நினைத்துவிட்டார். இனி எஞ்சின் பக்கம் போக மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

அப்படியே ஆயிற்று. சில நாட்கள் அவள் ஷேர் ஆட்டோக்காரர்களிடம் கெஞ்சி மாவு கொண்டுபோனாள். அவர் வாசல் முக்காலிக்குக்கூட வரவில்லை. கீர்த்தி சொன்னது சரி, லோடு ஆட்டோவே வாங்கிவிடலாம் என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னார். ஜெயபாரதிக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யும். போல்ட்டுகளை மறுபடி கழற்றி வடிதட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

"தலைய மட்டும் ஒண்ணாக்கிட்டு ஒசரத்த வுட்டுட்டியே மாமா. அதான தப்பு? எல்லாம் ஒரே ஒசரமாவும் இருந்துட்டா, யார் எத்த எங்க போட்டா இன்னா?"

அவர் ஒரு போல்ட்டை எடுத்து விரல்களுக்குள் உருட்டினார். இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டை விரலால் உயரம் பார்த்தார். துளையின் ஆழம் ஒன்றாக இல்லையே, போல்ட் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று முதலில் முனகினார். அப்புறம் முனகலை நிறுத்தினார். பாய்க்கு போன் போடு என்றார்.

உமர் ஃபாரூக் விரிசலுக்குப் பற்றுவைக்க ஆள் பிடித்துக்கொடுத்தார். ஆழம் குறைந்த துளைகள் இருந்த இடங்களில் மூடியின்மேல் பித்தளையில் சின்னச் சின்ன வளையங்களைக் கடைந்து பொருத்தினார். துளை ஆழமில்லாத இடத்தில் வளையம் உயரம், ஆழமான இடத்தில் வளையமே இல்லை. ஆக எல்லாத் துளைக்கும் ஒரே போல்ட். தலையும் ஒன்று, உயரமும் ஒன்று. வடிதட்டில் போட்டு எப்படிக் களைந்தாலும் எடுத்து எங்கே வேண்டுமானாலும் பூட்டலாம். இந்த யோசனை யாருடையது என்று உமர் ஃபாரூக் கேட்டதற்கு வெள்ளைத்துரை மனைவி பக்கம் கை காட்டினார். கை காட்டிய திசையில் அவள் இல்லை, இந்தப் பக்கம் நின்றாள். யாரும் அதைத் திருத்தவில்லை.

வண்டி மறுபடி ஓடியது. ஆனால் வெள்ளைத்துரை பழையபடி ஆகவில்லை. அக்னி நட்சத்திரம் வருவதற்குள் முகமும் போய்விட்டது. வெளிச்சம், இருட்டு என்று மட்டும் பிரித்துச் சொல்வார். முக்காலியில் உட்காருவார், சத்தத்தைக் கேட்பார், சரியாக இருக்கிறது என்பார். அதற்கு மேல் எதுவும் கேட்கவும் மாட்டார், தொடவும் மாட்டார். உன் வண்டி என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். அதுவரை நம் வண்டியாக இருந்தது அது.

மறுபடி ஆயில் மாற்றுகிற முறை வந்தது. ஜெயபாரதி காலையிலேயே வாசலில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினாள், துடைத்தாள், போல்ட்டுகளை வடிதட்டில் களைந்து முக்காலிக்குப் பக்கத்தில் காய வைத்தாள். வெள்ளைத்துரை முக்காலியில் இருந்தார். அப்போது ஒரு விடுதியிலிருந்து போன் வந்தது. முந்தின நாள் மாவு புளித்துவிட்டதாம். அவள் உள்ளே போய், வெயில் அப்படி அடித்தால் புளிக்காமல் என்ன செய்யும் என்று வார்டனிடம் வெகுநேரம் வாதாடினாள். வாதாடி முடித்துவிட்டு வாசலுக்கு வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

அவர் முக்காலியை எஞ்சினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார். மூடி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. இடது கைச் சுண்டு விரலால் துளையைத் தேடுவார். பித்தளை வளையமோ துளையின் விளிம்போ விரலுக்குத் தட்டுப்பட்டதும், வலது கை வடிதட்டுக்குப் போகும். எது கையில் வருகிறதோ அதை எடுத்துவரும். பார்க்க வேண்டியதில்லை, தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எல்லாம் ஒன்றுதான். விரலாலேயே பாதி திருகிவிட்டு, அடுத்த துளைக்குப் போவார். ஸ்பேனர் மடியில் கிடந்தது. இந்த எஞ்சினுக்கு இன்னொரு ஸ்பேனர் கிடையாது, அதனால் எது என்று தடவித் தேட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. அவசரமே இல்லாமல், ஆனால் எங்கும் தடுமாறாமல் அந்தக் கைகள் போய் வந்துகொண்டிருந்தன.

ஜெயபாரதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருடைய கண்ணுக்குப் பதிலாக இருக்கட்டும் என்று, அவளுக்காக, அவர் மாற்றி வைத்த எஞ்சின் அது. தன் கண்ணை நம்பியிருந்த ஒவ்வொன்றையும் தேடித் தேடிப் பிடுங்கிப் போட்டிருந்தார். அப்படிப் பிடுங்கிய பிறகு அந்த எஞ்சினுக்கு யாருடைய கண்ணும் வேண்டாம் என்று ஆகிவிட்டதை அவர்கள் இருவருமே கவனிக்கவில்லை. கூப்பிட்டால் கையை எடுத்துவிடுவாரோ என்று பயந்து அப்படியே நின்றாள்.

மூடியை இறுக்கி முடித்துவிட்டு அவர், எஞ்சினின் வால்வுகளைத் தூக்கிவிடுகிற இரண்டு தண்டுகள் இருக்கிற சின்ன ஜன்னலைத் திறந்தார். ஒவ்வொரு தண்டையும் இரண்டு விரலால் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கண் நன்றாக இருந்த காலத்திலும் அதை அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார். ஒரு தண்டை மட்டும் கால் சுற்று இறுக்கினார். ஆயில் டப்பாவை எடுத்து, ஊற்றுகிற வாயின் விளிம்பில் விரலை வைத்து இடம் பார்த்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். ஜன்னலை மூடினார். பிறகு, முகத்தைத் திருப்பாமலே, உதைத்துப் பார் என்றார். அவள் அங்கே நிற்பது அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று அவள் இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை.

ஒரே உதை. எஞ்சின் எழுந்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த மனுஷன் மாதிரி நிதானமாகப் பேச ஆரம்பித்தது.

"அந்த மூலையில கசியுதான்னு பாரு," என்றார் வெள்ளைத்துரை.

அவள் குனிந்தாள். பார்த்தாள். பொட்டு ஈரம் இல்லை. ஆனால் அதைச் சொல்லவில்லை.

"நீயே தொட்டுப் பாரு மாமா."

அவர் குனிந்து விரலை வைத்தார். மூடியின் விளிம்பு முழுக்க, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும், நிதானமாகத் தடவிக்கொண்டு போனார். விரலை முகர்ந்து பார்த்தார். காய்ந்திருந்தது. பிறகு அதே விரலால் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம்ம வண்டிக்கு ஒரு குறையும் இல்லை என்றார்.

தீபாவளிக்குக் கீர்த்தி வந்திருந்தாள். வாசலில் நின்ற புல்லட்டைப் பார்த்து, ஆயில் மாற்ற வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறாரே, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீயே சட்டென்று செய்துவிடேன் என்று அம்மாவிடம் சொன்னாள். அவளுக்கு அப்பா குனிந்து கஷ்டப்படக் கூடாது என்ற எண்ணம். உமர் ஃபாரூக்கும் அன்று பண்டிகைப் பலகாரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். வளையம் பொருத்திய நாளில் ஜெயபாரதி பெரிய மூடியைத் தனியாகக் கழற்றிப் பூட்டியதைத் தன் கண்ணால் பார்த்தவர் அவர். பார்த்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். ஜெயபாரதி ஒரு அதிரசத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டார்.

"எனுக்கு இன்னாடி தெரியும்? ஓட்டத் தெரியும். மத்ததெல்லாம் உங்கப்பாக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துப் புடவை முந்தானையில் துடைத்து, முக்காலியில் உட்கார்ந்தபடி வெள்ளைத்துரை கையை நீட்டினால் எட்டுகிற சுவர் ஆணியிலேயே மாட்டினாள்.